செவ்வாய்க்கிழமை லிஃப்ட்டில் கேட்டது

மார்ச் 3

கட்டெறும்புக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். சொன்னேனா இல்லையா? உன் பழைய கம்பெனியில் நாற்காலிக்குப் பதிலாக உட்கார மூட்டை போட்டிருக்கிறார்கள், சாயங்காலம் ஆனால் பழம் வெட்டித் தட்டில் வைக்கிறார்கள் என்று நீ பெருமையாகச் சொன்ன அன்றைக்கே, "இது நிலைக்காது, எழுதி வச்சுக்கோ" என்று சொன்னவன் நான். நிலைத்ததா? போன மழைக்காலத்தில் ஒரே காலையில் உன்னையும் சேர்த்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூட்டைகள் மட்டும் வேலையில் இருக்கின்றன.

இன்னொன்றும் சொன்னேன். நான் வேலை பார்க்கிற கட்டடத்திலிருந்தே உன்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள் என்று. நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒன்பதாவது மாடிக் கம்பெனி! அவர்கள் யார் யாருக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறார்கள் தெரியுமா? பாதி உலகத்துக்கு. மீதிப் பாதியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்காதே. இந்தக் கட்டடத்து லிஃப்ட் எல்லாம் என் கையில்தான் ஓடுகிறது. நான் ஒரு நாள் லீவு போட்டால் அந்தக் கம்பெனித் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். என்னைப் பார்த்தால் அவரே "அண்ணே, சௌக்கியமா?" என்றுதான் கேட்பார்.

"போன் வேண்டாம் மாமா, எழுதுங்க. உங்க குரலைக் கேட்டா அழுகை வருது" என்று நீ சொன்னதால் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன். விரல் என்ன, உனக்காகக் கையையே கொடுப்பேன். அக்காவிடம் நான் மூச்சு விடவில்லை. நீ இன்னும் பழைய வேலையில்தான் இருக்கிறாய், வீட்டிலிருந்து பார்க்கிறாய் என்றே உன் அம்மா நினைத்துக்கொண்டிருக்கட்டும். புது வேலை கிடைத்ததும் ஒரேயடியாகச் சொல்லலாம்.

ஒரு கை பார்த்துவிடு.

உன் மாமா

&nbsp;

மார்ச் 9

மாமாவுக்கு,

இரண்டு ரவுண்டு முடிந்தது. முதலாவது ஒரு பெண்ணோடு போன் பேச்சு. கம்பெனியைப் பற்றி அவரே பேசினார், நான் "ஆமாம், ஆமாம்" என்றேன். இரண்டாவதுதான் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிக் காட்டும் ரவுண்டு.

எதிரில் இருந்தவர் கேமராவைப் போடவில்லை. திரையில் ஒரு கறுப்புச் சதுரம், அதற்குக் கீழே ஒரு பெயர். நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அழிக்கிற ஒவ்வொரு எழுத்தும் அவருக்கு உடனே தெரியும். கேள்வி சுலபமானது. கல்லூரியில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதியிருப்பேன். ஆனால் அன்றைக்கு எழுதினேன், அழித்தேன், மறுபடி அதையே எழுதினேன். அவர் பக்கம் விசைப்பலகை சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னைப் பற்றிக் குறிப்பு எடுக்கிறாரா, தன் வேலையைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. கடைசியில் "நேரம் முடிஞ்சுது, நன்றி" என்றார். சதுரம் மறைந்தது.

மறுநாள், தேறிவிட்டேன், அடுத்த ரவுண்டு இருக்கிறது என்று மெயில் வந்தது. சந்தோஷப்பட வேண்டும். எனக்கு வந்தது, இன்னொரு தடவை அந்தச் சதுரத்தின் முன்னால் உட்கார வேண்டுமே என்ற நினைப்புத்தான்.

வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாது. அம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில் விடியற்காலை ஷிஃப்ட் முடித்து மதியம் வருகிறாள். இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்று நின்று முட்டி வீங்கியிருக்கிறது. ஆனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என் அறையைத் தாண்டிப் போகிறாள். நான் மீட்டிங்கில் இருக்கிறேனாம், சத்தம் வரக் கூடாதாம். உள்ளே நான் வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அவள் காலடி கேட்டதும், "சரி சார், அதை நாளைக்குப் பார்த்துடலாம்" என்று திரையிடம் சொல்கிறேன். யாரும் இல்லாத மீட்டிங்கில் எத்தனை முறை "சரி சார்" சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

தயவுசெய்து அந்தக் கட்டடத்தில் யாரிடமும் என் பெயரை எடுக்காதீர்கள்.

கட்டெறும்பு

&nbsp;

மார்ச் 11

கட்டெறும்புக்கு,

உன் பெயரை எடுப்பேனா? நான் என்ன விவரம் தெரியாதவனா? கீழே செக்யூரிட்டியிடம் மட்டும் "நம்ம பொண்ணு ஒண்ணு சீக்கிரம் மேல வரும், மரியாதையா நடந்துக்கோ" என்றேன். பெயரைச் சொல்லவில்லை.

கறுப்புச் சதுரத்துக்குப் போய்ப் பயப்படலாமா? அதற்குப் பின்னால் பல்வலிக்காரன் எவனாவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அதுதான் கேமரா போடவில்லை. என் இன்டர்வியூ கதை உனக்குத் தெரியுமில்லையா? தெரிந்தாலும் கேள். என்னைக் கேள்வி கேட்க வந்த இன்ஜினியர் லிஃப்ட்டில் ஏறினார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது. கரண்ட் இல்லை, விளக்கு இல்லை. உள்ளே அவர், வெளியே நான். "தம்பி, உனக்கு இதுல என்ன தெரியும்?" என்று உள்ளிருந்தே கேட்டார். "உங்களை வெளிய எடுக்கத் தெரியும் சார், அது போதுமா?" என்றேன். இருட்டில், தீக்குச்சி வெளிச்சத்தில், ஒரு கையால் இறக்கினேன். வெளியே வந்தவர் என் காலில் விழாத குறை. அன்றைக்கே ஆர்டர்.

உன் அம்மா இதை நம்ப மாட்டாள். என்னை ரேடியோ என்பாள். "ரேடியோவை அமுக்கு, தலை வலிக்குது" என்பாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உனக்கு ஒரு ரகசியம். லிஃப்ட்டுக்குள் வந்ததும் மனிதர்களின் கண்ணுக்கு மெக்கானிக் தெரிய மாட்டான். என்னைச் சுவரோடு சுவராகத்தான் பார்ப்பார்கள். யாரைச் சேர்ப்பது, யாரைத் தூக்குவது, எல்லாம் என் காது பக்கத்தில்தான் முடிவாகும். ஒன்பதாவது மாடியில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை விழுந்தால், அது முதலில் விழுவது என் காதில். நீ தைரியமாக இரு.

உன் மாமா

&nbsp;

மார்ச் 23

மாமாவுக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் நன்றாக நடக்கவில்லை.

வீட்டிலேயே செய்து அனுப்ப ஒரு வேலை கொடுத்தார்கள். கூட்ட அறைகளைப் பதிவு செய்கிற ஒரு சின்ன மென்பொருள். இரண்டே மணி நேர வேலை என்று எழுதியிருந்தது. நான் வார இறுதி முழுவதும் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஒரே அறையை ஒரே நொடியில் இரண்டு பேர் கேட்டால் என்ன ஆகும் என்பது வரை யோசித்து எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு நான் செய்த ஒன்று எனக்குப் பிடித்தது.

அடுத்த ரவுண்டில் மூன்று பேர். ஒருவர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "இதை யார் எழுதிக் கொடுத்தாங்க?"

"நான்தான் சார்."

"முழுசா?"

"முழுசா."

"ம்." அவ்வளவுதான். அதற்குள் இருந்த ஒரு வரியைப் பற்றிக்கூட அவர் கேட்கவில்லை.

கடைசி ரவுண்டு வெள்ளிக்கிழமை. குழுவோடு ஒத்துப்போவேனா என்று பார்ப்பதாம். கண்ணாடி போட்ட ஒரு அம்மா சிரித்த முகமாகக் கேட்டார்: "இடையில இத்தனை மாசம் என்ன பண்ணீங்க?"

வேலை தேடினேன், யாரும் எடுக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை மாமா. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கூட இருந்து பார்த்துக்கிட்டேன்" என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன், ஏனென்றால் அந்த உடம்பு சரியில்லாத அம்மா அப்போதுதான் வேலை முடிந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் கதவைத் தாண்டிப் போனாள். அவர் முகம் இளகியது அந்த ஒரு பதிலுக்குத்தான். உண்மையாகச் சொன்ன எதற்கும் இளகவில்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இங்கே ஒரு சின்னக் கம்பெனி இருக்கிறது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, ஐந்து பேர். பள்ளி வேன்கள் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்கிற சாஃப்ட்வேர் செய்கிறார்கள். முதலாளி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைக்கு நிஜமாகவே ஓடாமல் நின்ற ஒன்றைக் காட்டி, "இது காலையிலேர்ந்து உயிரை வாங்குது, கொஞ்சம் பாரும்மா" என்றார். சரிசெய்தேன். சத்தமாகச் சிரித்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதுதான் இன்டர்வியூ. சம்பளம் பழையதில் பாதிதான். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், காத்திருக்க அவரால் முடியாது.

ஒன்பதாவது மாடியிலிருந்து எந்தத் தகவலும் இல்லை. கேட்டால், "உங்க விண்ணப்பம் பரிசீலனையில இருக்கு" என்கிறார்கள்.

நீங்கள் தினமும் அங்கே ஏறி இறங்குகிறீர்கள். ஏதாவது காதில் விழுந்ததா? விழவில்லை என்றால் விழவில்லை என்று மட்டும் எழுதுங்கள். கதை வேண்டாம் மாமா. இந்த ஒரு தடவை.

கட்டெறும்பு

&nbsp;

மார்ச் 24, செவ்வாய்

கட்டெறும்புக்கு,

உட்கார்ந்திருக்கிறாயா? உட்கார்ந்துகொண்டு படி.

இன்று மதியம் நடந்தது. மூன்றாம் நம்பர் லிஃப்ட். நான் பொத்தான் பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டு, திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு நிற்கிறேன். ஒன்பதாவது மாடியில் இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் நீலச் சட்டை, பெரிய மேனேஜர், தொப்பை சட்டைக்கு வெளியே வரப் பார்க்கிறது. இன்னொருவர் கண்ணாடி போட்ட ஒரு அம்மா.

அந்த அம்மா சொல்கிறார்: "எத்தனை பேரைத்தான் பார்க்குறது சார், தலை சுத்துது."

நீலச் சட்டை: "இனிமே யாரையும் பார்க்க வேணாம். அந்தப் பொண்ணுதான்."

"எந்தப் பொண்ணு? அம்மாவைக் கூட இருந்து பார்த்துக்கிட்டாளே, அவளா?"

"அவளேதான். அந்த அறை பதிவு பண்ற வேலையைப் பார்த்தீங்களா? இங்க இருக்கிற எவனுக்கும் அப்படி எழுத வராது. முடிவு பண்ணியாச்சு. பேப்பர் வேலைதான் பாக்கி."

எனக்குக் கால் தரையில் படவில்லை. திருகாணியை விழுங்கப் பார்த்தேன். ஆனால் முகத்தில் காட்டுவேனா? லிஃப்ட் கதவு மாதிரி வைத்துக்கொண்டேன். தரைத்தளத்தில் இறங்கும்போது நீலச் சட்டை என்னைப் பார்த்து, "என்ன அண்ணே, சரியாயிடுச்சா?" என்றார். "எல்லாம் சரியாயிடுச்சு சார்" என்றேன். அவருக்கு என்ன தெரியும், நான் எதைச் சொன்னேன் என்று!

அந்த டயர் கடை மாடிக்கு ஒரு கும்பிடு போட்டுவிடு. யானை மேல் ஏறப் போகிறவளுக்குப் பள்ளிக்கூட வேன் எதற்கு?

உன் மாமா

&nbsp;

மார்ச் 26

மாமா! மாமா!

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தூங்கினேன். ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் தூங்கினேன். "இங்க இருக்கிற எவனுக்கும் அப்படி எழுத வராது" என்று அவர் சொன்னதை எத்தனை முறை படித்தேன் தெரியுமா? அன்றைக்கு "ம்" என்று சொன்னவர்தான் அந்த நீலச் சட்டையாக இருக்கும், மனதுக்குள் அப்படி நினைத்திருக்கிறார்.

டயர் கடை மாடி முதலாளிக்கு இன்று போன் செய்து, வரவில்லை என்று சொன்னேன். "பெரிய இடம் கிடைச்சா போங்கம்மா, நானா இருந்தாலும் போவேன்" என்றார். நல்ல மனிதர்.

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பழைய வேலை போன கதையை அல்ல. பெரிய கம்பெனிக்கு மாறுகிறேன் என்று. "யார் சொன்னா?" என்றாள். மாமா என்றேன்.

"ரேடியோவா? அவன் சொல்றதுல பாதியைக் கழிச்சிட்டு, மீதியையும் பாதியாக்கணுமேடி."

"இல்லம்மா, இது அவர் காதால கேட்டது."

அம்மா தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "அப்போ நான் நின்னது போதுமா?" என்று கேட்டாள்.

"போதும்மா" என்றேன்.

இன்று காலை லாண்டரி மேற்பார்வையாளரிடம் வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அந்த இடத்துக்கு ஒரு பெண் ஏற்கெனவே காத்திருக்கிறாளாம். திங்கட்கிழமையிலிருந்து அம்மாவுக்கு வேலை இல்லை. அன்றைக்குக் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கலாம் என்று என்னிடம் கேட்கிறாள், அனுமதி கேட்கிற மாதிரி.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

உங்கள் கட்டெறும்பு

&nbsp;

மார்ச் 27

கட்டெறும்புக்கு,

ரொம்ப சந்தோஷம். ரொம்ப ரொம்ப சந்தோஷம்.

அக்கா கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாளோ என்று ஒரு யோசனை. உன் அம்மாவிடம் சொல், வேலையை விட வேண்டாம், முட்டிவலி என்று பதினைந்து நாள் லீவு எடுத்துக்கொள்ளட்டும். கையில் ஆர்டர் வந்த பிறகு ஜம்மென்று விடலாம். பெரிய கம்பெனிகள் பேப்பர் வேலைக்கு நேரம் எடுப்பார்கள். இன்று ஒன்று பேசுவார்கள், நாளைக்கு வேறொன்று பேசுவார்கள். லிஃப்ட்டில் பேசுவது லிஃப்ட்டோடு என்றும் சொல்வார்கள்.

அந்த டயர் கடை மாடிக்காரருக்கு மறுபடி ஒரு போன் போட முடியுமா? சும்மா, நட்புக்காக. நல்ல மனிதர் என்கிறாயே. கதவை முழுசாகச் சாத்த வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமைக்குள் லாண்டரியில் பேசச் சொல். மறக்காதே.

மாமா

&nbsp;

ஏப்ரல் 3

மாமாவுக்கு,

இன்று காலை வந்தது. "அன்புள்ள விண்ணப்பதாரருக்கு" என்று தொடங்கி நான்கு வரி. வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம். என் எதிர்காலத்துக்கு வாழ்த்தாம். இந்த மெயிலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள் என்று கீழே போட்டிருந்தது.

டயர் கடை மாடிக்குப் போன் செய்தேன். "அடடா, நேத்துதான் ஒரு பையனைச் சேர்த்தேன்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அம்மா லாண்டரிக்குப் போய்க் கேட்க மாட்டேன் என்கிறாள். புதிதாக வந்த பெண்ணுக்குக் கைக்குழந்தை இருக்கிறதாம், அவளை விலக்கிவிட்டு அந்த இடத்தில் எப்படி நிற்பது என்கிறாள். எனக்கு வேலை வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. அடுத்த வாரம் சேர வேண்டும், அதுவரை பழைய வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் அவள் வந்த பிறகுதான் திரையோடு பேச வேண்டியிருந்தது. இப்போது நாள் முழுக்க வீட்டில் இருக்கிறாள். நாள் முழுக்கப் பேசுகிறேன். தொண்டை கட்டிவிட்டது. சுடுதண்ணீர் வைத்துக் கதவருகே வைத்துவிட்டுப் போகிறாள். "ரொம்ப வேலை வாங்குறாங்களா?" என்று சைகையில் கேட்கிறாள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை முடிவு பண்ணியாச்சு என்று அந்த மேனேஜரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு எப்படி மாறியது? நடுவில் நான் என்ன செய்தேன்? உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசிக்கிறேன். புதன்கிழமை தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு வந்தது, தூக்கக் கலக்கத்தில் எடுத்து, "யாருங்க?" என்று கடுப்பாகக் கேட்டேன். வைத்துவிட்டார்கள். அவர்களாக இருக்குமோ? திங்கட்கிழமை, எப்போது தெரியும் என்று கேட்டு மெயில் அனுப்பினேன், அது அவசரக்காரி மாதிரி இருந்ததோ? இல்லை, அம்மாவின் உடம்பைப் பற்றிச் சொன்னது பொய் என்று விசாரித்துக் கண்டுபிடித்தார்களா? அதுதான் என்று நினைக்கிறேன். பெற்ற தாயை நோயாளி ஆக்கினேன், அது சும்மா விடுமா?

கிடைக்காமல் போயிருந்தால் தாங்கியிருப்பேன் மாமா. எத்தனையோ கிடைக்கவில்லை. ஆனால் இது கிடைத்துவிட்டது. கிடைத்ததை நான்தான் ஏதோ செய்து கெடுத்திருக்கிறேன். அது என்ன என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நீலச் சட்டைக்காரர் உங்களிடம் பேசுவார் என்கிறீர்களே. அவரைக் கேளுங்கள். என்ன தப்பு செய்தேன் என்று மட்டும். வேலை வேண்டாம்.

&nbsp;

ஏப்ரல் 5

கட்டெறும்புக்கு,

கடிதம் கிடைத்ததும் கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு நேரே ஒன்பதாவது மாடிக்குப் போனேன். செக்யூரிட்டி தடுத்தான், தள்ளிவிட்டேன். "யார் அந்த நீலச் சட்டை, வெளிய வரச் சொல்லு!" என்று நான் போட்ட சத்தத்தில் அங்கே இருந்த அத்தனை கம்ப்யூட்டரும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

இல்லை. நான் மேலே போகவில்லை. இந்தப் பத்தியை முந்தாநாளிலிருந்து அழித்து அழித்து எழுதுகிறேன். எப்படி எழுதினாலும் கடைசியில் நான் ஜெயித்துவிடுகிறேன். அதனால் இத்தோடு விடுகிறேன்.

அந்தக் கம்பெனித் தலைவர் யார் என்றே எனக்குத் தெரியாது. அந்த மாடிக்குள் போக என்னிடம் அட்டை கிடையாது. இது கிடக்கட்டும், இது எப்போதும் நான் அடிக்கிற ஜம்பம், உன் அம்மா பாதியைக் கழித்து, மீதியையும் பாதியாக்கிக்கொள்வாள். ஆனால் நீ எதையும் கழிக்கவில்லை. நீ கேட்டிருந்தாய், காதில் விழவில்லை என்றால் விழவில்லை என்று மட்டும் எழுதுங்கள் என்று. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரே ஒரு வார்த்தை. நாள் முழுக்க வெறும் திரையிடம் "சரி சார்" சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்த ஒற்றை வார்த்தையை அனுப்பக் கை வரவில்லை. இன்னும் இரண்டு வரி சேர்த்தால் இன்று ராத்திரி தூங்குவாள் என்று நினைத்தேன். எழுத எழுத எனக்கே தெம்பு வந்துவிட்டது.

அக்காவிடம் நானே வந்து சொல்கிறேன், காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். பழைய வேலை போனதிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறேன். உன் அம்மா என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். நீ அறைக்குள்ளேயே இரு, அல்லது வெளியே வந்து கூட நில், உன் இஷ்டம். திரையோடு மட்டும் இனிமேல் பேசாதே.

போன் எடுத்து "யாருங்க?" என்று கேட்டது தப்பில்லை. மெயில் போட்டது தப்பில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றது யாருக்கும் தெரியாது, யாரும் விசாரிக்கவும் இல்லை. அந்த நாட்களில் நீ எதையும் கெடுக்கவில்லை. கெடுக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. உன்னை அவர்கள் எடுத்துவிட்டுக் கைவிடவில்லை கண்ணு, எடுக்கவே இல்லை. இதைச் சொல்வது உனக்கு ஆறுதலா இன்னொரு அடியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தேடுவதை நிறுத்து.

லிஃப்ட்டில் யாரும் பேசுவதில்லை. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், தங்கள் மாடி வந்ததும் இறங்கிப் போவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றாம் நம்பர் லிஃப்ட் மாடிக்கும் மாடிக்கும் நடுவில் பழுதாகி நின்றிருந்தது. உள்ளே நான் ஒருவன்தான் இருந்தேன்.